குரோஷாவில் சாக்ஸ்: முதல் ஜோடி பின்னுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

வீட்டில் பருத்தி நூல் நிறைய இருக்கிறது. அதிலேயே பின்னலாமா?

பின்னலாம். ஆனால் நாலு தடவை போட்டதும் தொளதொளத்துவிடும். இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் பருத்திக்குக் குறைவு. சாக்ஸ் நூல் என்றே விற்பதில் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் இருக்கும். நைலான்தான் குதிகால் சீக்கிரம் தேயாமல் காப்பது. 100 கிராமுக்கு 400 மீட்டர் அளவில் வரும் மெல்லிய நூலாகப் பாருங்கள். ஊசி 2.5 முதல் 3 மி.மீ.

போன முறை பின்னியது குதிகாலைத் தாண்டி ஏறவே இல்லை. எத்தனை கண்ணி போடுவது?

முதலில் கையகலத் துண்டு ஒன்று பின்னி, நனைத்துக் காயவைத்து, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பாதி சாக்ஸைப் பிரிப்பது இதைவிடச் சலிப்பு. 24 கண்ணி வந்தது, பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸ் காலைக் கவ்வ வேண்டும், அதனால் பத்தில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 20 செ.மீ. ஆக, 48 கண்ணி.

விரல் நுனியில் தொடங்குங்கள். 11 சங்கிலி போட்டு, ஊசியை ஒட்டிய முதல் சங்கிலியை விட்டு 10 சிங்கிள் குரோஷா (குட்டையான, நெருக்கமான கண்ணி). அப்படியே திருப்பிச் சங்கிலியின் அடிப்பக்கத்தில் 10. இந்த 20 கண்ணியில், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு கூட்டுங்கள். ஏழு முறை கூட்டினால் 48. நடுநடுவே காலில் போட்டுப் பார்க்கலாம்.

குதிகாலில் சிக்கியதற்குக் காரணம், அங்கே சாய்வாக அளந்தால் சுற்றளவு பாதத்தைவிடச் சில செ.மீ. அதிகம். குரோஷா துணியோ அவ்வளவாக இழுபடாது. கணுக்கால் பகுதியில் கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் குத்திப் பின்னினால் நெகிழும்.

குதிகால் என்றாலே பயமாக இருக்கிறது.

அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். பாதம் முடிய இன்னும் 5 செ.மீ. இருக்கும்போது, அடிப்பக்க 24 கண்ணிகளைத் தாண்டி 24 சங்கிலி போட்டு இணைத்து, கணுக்காலை மேலே பின்னிக்கொண்டே போகலாம். காலில் ஒரு ஜன்னல் திறந்தது போல இருக்கும். அப்புறம் அந்த ஜன்னலைச் சுற்றிப் பின்னி, விரல் நுனியில் கூட்டிய கணக்கிலேயே குறைத்து மூடுங்கள். இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். முதல் சுற்றில் அங்கே ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துவிடுங்கள்.

குறிப்பில் 'டபுள்' என்று இருந்தது. அப்படியே பின்னினேன், ஒரே சல்லடை!

அது பிரிட்டிஷ் குறிப்பாக இருந்திருக்கும். அவர்களின் டபுள்தான் அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள். நீங்கள் பின்னியது அமெரிக்க டபுள், அது உயரமான கண்ணி, அதனால்தான் சல்லடை.

இரண்டாவது சாக்ஸ் ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது.

என் முதல் ஜோடியும் அப்படித்தான். இப்போது இரண்டு விரல் நுனி, இரண்டு பாதம் என்று ஜோடியாகவே முடிக்கிறேன், சுற்றுகளைக் காகிதத்தில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டு.