ஒரு வயது மதிப்பெண் பத்து வயதைச் சொல்லுமா?

கேள்வி: 10 மாதத்தில் என் மகளுக்கு, சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் பெய்லி சோதனை செய்ததில் 118 வந்தது. பள்ளியிலும் இப்படியே முன்னணியில் இருப்பாளா?

அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சோதனையை உருவாக்கிய நான்சி பெய்லியே, 1928இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய ஆய்வில் அதே குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர். முதல் வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் வளர்ந்த பிறகு வாங்கிய ஐக்யூவுக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை என்று கண்டார்.

யோசித்தால் இதில் வியப்பில்லை. 10 மாதக் குழந்தையிடம் எதைப் பார்க்க முடியும்? துணிக்கடியில் மறைத்த பொம்மையைத் தேடுகிறதா, சின்னப் பொருளை விரல் நுனியால் எடுக்கிறதா என்பதைத்தான். பள்ளி வயதில் கேட்பது சொற்பொருளும் காரண காரியமும். இரண்டிலும் சராசரி 100 என்பதால் ஒரே விஷயத்தை அளப்பதாகத் தோன்றிவிடுகிறது. இன்று உங்கள் மகள் நன்றாக வளர்கிறாள், அதற்குச் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: மகன் 28 வாரத்தில் பிறந்தான். 20 மாதத்தில் 68 மதிப்பெண். ‘அறிவு வளர்ச்சி குறைவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தூக்கமே வரவில்லை.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: திருத்திய வயதில், அதாவது முன்னதாகப் பிறந்த மாதங்களைக் கழித்த வயதில் கணக்கிட்டார்களா? ஏறத்தாழ மூன்று மாதம் முன்னதாகப் பிறந்தவனை 17 மாதக் குழந்தைகளோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயதுவரை அதுதான் வழக்கம்.

சரியாகக் கணக்கிட்டு 68 வந்திருந்தாலும் அது தீர்ப்பு அல்ல. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 20 மாதத்தில் 39 சதவீதம் பேர் 70க்குக் கீழே இருந்தார்கள். எட்டு வயதில் அப்படி இருந்தவர்கள் 16 சதவீதம்தான். இதை நான் பல பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் அடுத்த பாதியையும் சேர்த்தே சொல்வேன்: மூளைவாதமோ (மூளைப் பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு) பார்வை, செவிக் குறைபாடோ உள்ள குழந்தைகளில் குறைந்த மதிப்பெண் அப்படியே நிலைப்பது அதிகம். அதனால் ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள். காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள், வளர்ச்சிக்கு உதவும் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கலாம்.

கேள்வி: அப்படியானால் எந்த வயது மதிப்பெண்ணை நம்பலாம்?

பேச்சு வந்த பிறகு, அதாவது இரண்டு, மூன்று வயதிலிருந்து தொடர்பு கூடிக்கொண்டே போகும். பள்ளி வயதில் நன்றாகவே நிலைபெறும். ஸ்காட்லாந்தில் 1932இல் 11 வயதில் அறிவுத்திறன் தேர்வு எழுதிய சிலர், 77 வயதில் அதே தேர்வை மறுபடி எழுதினார்கள். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான தொடர்பு 0.63 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). அறுபத்தாறு வருட இடைவெளிக்கு இது பெரிய எண்.

கேள்வி: ஒன்பது மாதத்திலேயே நடந்துவிட்டான். புத்திசாலி என்கிறார்கள், உண்மையா?

நடை சீக்கிரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: சோதனையில் வரும் கட்டைகளை வாங்கி வீட்டில் பழக்கலாமா?

வேண்டாம். மதிப்பெண் ஏறும், திறன் ஏறாது. உண்மையிலேயே தாமதம் இருந்தால் அதை மறைத்தும் விடும், உதவி கிடைக்க வேண்டிய மாதங்கள் வீணாகும். கட்டை விளையாடட்டும், தாராளமாக. சோதனைக்காக மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் குழந்தையோடு பேசுங்கள், அது எதைக் காட்டுகிறதோ அதற்குப் பெயர் சொல்லுங்கள்.