முதல் வகுப்புக்காகத் தங்கை வேலையை விடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரர்கள். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது முடியாமல் வீட்டில் இருக்கிறார். நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். தங்கை ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். எட்டில் ஐந்து செமஸ்டர் முடிந்தது, சராசரி 3.58. முதல் வகுப்புக்கு அங்கே 3.67 வேண்டும். சனி, ஞாயிறு மினி மார்க்கெட்டில் வேலை செய்து மாதம் 560 வெள்ளி (ரிங்கிட்) சம்பாதிக்கிறாள், அதில் 200 வீட்டுக்கு அனுப்புகிறாள். ஞாயிறு இரவு கடை மூடி, சாமான் அடுக்கிவிட்டு ஹாஸ்டலுக்குப் போகவே பதினொன்றாகிறது. போன செமஸ்டரில் அவள் வாங்கிய இரண்டு பி பிளஸ்ஸும் திங்கள் காலை எட்டு மணிப் பாடங்கள். வேலையை விட்டால் முதல் வகுப்பு எடுப்பேன் என்கிறாள். அப்பா, "டிகிரி டிகிரிதானே, ஸ்க்ரோலில் என்ன போட்டிருந்தால் என்ன" என்கிறார். பிடிபிடிஎன் (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கொடுத்த படிப்புக் கடன் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 26,000 வெள்ளி. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அப்பா சொல்வதில் பாதி சரி. சம்பளத்தை மட்டும் பார்த்தால் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அரசு வேலையில் சம்பளம் பதவியின் தரத்தைப் பொறுத்தது. தனியாரில் விண்ணப்பங்களை வடிகட்டும்போது 3.0 என்று கோடு போடுகிற நிறுவனங்கள் நிறைய, அந்தக் கோட்டை உங்கள் தங்கை எப்போதோ தாண்டிவிட்டாள். கணக்கியலில் இன்னொன்றும் உண்டு. சட்டம் ஏற்றுக்கொண்ட பட்டம், மூன்று ஆண்டு அனுபவம், இரண்டும் இருந்தால் மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகலாம். எந்த வகுப்பு என்று அங்கே கேட்பதில்லை. மேற்படிப்பு ஆசை இருந்தால் கதை வேறு. முதல் வகுப்பு இருந்தால் முதுகலையைத் தாண்டி நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கக்கூடச் சில பல்கலைக்கழகங்களில் வழி உண்டு.

அப்பா பார்க்காத பாதி, கடன். பிடிபிடிஎன் கடனில் படித்து முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா (வட்டிக்குப் பதிலாக வாங்கும் சேவைக் கட்டணம்) சேர்த்து 26,000 வெள்ளியைப் பத்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 240 வெள்ளி. வேலைக்குப் போன புதிதில், வாடகை, மோட்டார் தவணை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற காலத்தில், அந்த 240 வெள்ளி பெரிய காசு. தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. இதைக் கடைசி ஆண்டு முடிந்த பிறகு தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்த விலக்கு தானாக வராது. பட்டம் பெற்றபின் குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானம் போன்ற நிபந்தனைகள் வரவு செலவுத் திட்டத்துக்கு வரவு செலவுத் திட்டம் மாறியிருக்கின்றன. அதனால் உங்கள் தங்கை எடுத்த கடனுக்கு இன்றைய நிபந்தனை என்ன என்று பிடிபிடிஎன் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தால் வேலையை விடப் பணக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்தது, 3.67 கைக்கு எட்டுமா? மொத்தம் 120 கிரெடிட், 78 முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன். மீதி 42-இல் அவளுக்கு 3.84 சராசரி வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட், ஏ-க்கு 4.00, ஏ மைனஸுக்கு 3.67 என்றால், பதினான்கு பாடத்தில் எட்டு ஏ, ஆறு ஏ மைனஸ். ஒரே ஒரு பி பிளஸ் விழுந்தாலும் ஒன்பது ஏ வேண்டியிருக்கும். கஷ்டம்தான், ஆனால் நடக்காத காரியம் இல்லை. தொழிற்பயிற்சிக்குக் கிரேடு போடுகிறார்களா, வெறும் தேர்ச்சி என்று குறிக்கிறார்களா என்று அவள் கேட்டாக வேண்டும். தேர்ச்சி மட்டும் என்றால் அந்தக் கிரெடிட் சராசரியை உயர்த்த உதவாது, மற்றப் பாடங்களில் சுமை கூடும். ஒரு பாடத்தில் தோற்று மீண்டும் எழுதியவர்களுக்கு முதல் வகுப்பு உண்டா என்பதையும் மாணவர் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தத் திங்கள்கிழமை. இரண்டு பி பிளஸ்ஸும் திங்கள் காலைப் பாடங்கள் என்றால், அவளுக்கு வேலை முழுவதும் இடைஞ்சல் இல்லை, ஞாயிறு இரவுதான் இடைஞ்சல். ஞாயிறை மட்டும் விடட்டும், சனிக்கிழமை இருக்கட்டும். மாதம் 280 வெள்ளி குறையும். செமஸ்டருக்கு நான்கு மாதம், மூன்று செமஸ்டர் என்றால் 3,360 வெள்ளி. 26,000 வெள்ளியில் இது ஏழில் ஒரு பங்குகூட வராது. அவள் முதல் வகுப்பு எடுக்க மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தாலே நான் இதைச் செய்யச் சொல்வேன்.

வீட்டுக்கு வரும் 200 வெள்ளியை அந்த மாதங்களில் நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா பாருங்கள். முடிந்தால், சனிக்கிழமைச் சம்பளம் 280 முழுதும் அவள் கையில் நிற்கும். இப்போது அவள் செலவுக்கு மிஞ்சுவது 360, எனவே குறைவது 80 வெள்ளிதான். அதை நீண்ட விடுமுறையில் முழு நேரம் வேலை செய்து சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்து மாணவர் நலப் பிரிவில் சாப்பாட்டு உதவி இருந்தால் கூச்சப்படாமல் கேட்கட்டும். ஆனால் இந்தப் பள்ளத்தை நிரப்ப அம்மா நகையை அடகுக் கடைக்கு அனுப்பாதீர்கள், ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 1 விழுக்காட்டுக் கடனிலிருந்து தப்பிக்க அந்த வட்டியில் போய் மாட்டுவது வேண்டவே வேண்டாம். உங்களால் 200 முடியாது என்றால் அவள் இரண்டு நாளும் வேலை செய்துகொண்டே படிக்கட்டும், ஞாயிறு ஷிப்ட்டைப் பகலுக்கு மாற்ற முடியுமா என்று முதலாளியிடம் கேட்கட்டும்.

ஒரு செமஸ்டர் பார்த்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். வரும் செமஸ்டரின் 15 கிரெடிட்டில் 3.60 தான் வந்தது என்றால், மீதி ஒன்பது பாடத்திலும் ஏ வாங்கினால்தான் 3.67 வரும். அந்த நிலையில் விரட்டுவதை நிறுத்திவிட்டு ஞாயிறு வேலைக்குத் திரும்பட்டும், அதில் எந்த அவமானமும் இல்லை. சராசரியை ஏற்றுவதற்காகப் படிப்பை ஒரு செமஸ்டர் நீட்டிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். கட்டணம், சாப்பாடு, ஒரு செமஸ்டர் சம்பளம் எல்லாம் போய், கடன் விலக்குக்கான தகுதியும் சிக்கலாகலாம்.

அடுத்த செமஸ்டர் பாடப்பதிவு தொடங்குமுன் பிடிபிடிஎன் பதிலை வாங்கிவிடுங்கள். திங்கள் காலை எட்டு மணி வகுப்புக்கு வேறு நேரத்தில் பிரிவு இருந்தால் அவள் அதில் பதிந்துகொள்ளவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.