டாக்டர் சீட்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்: பெரிய சமையற்கூடத்தை நிர்வகிக்கவும் ஒரு படிப்பு இருக்கிறது

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள், அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. மூன்றாவது முறைக்கு கோச்சிங் மையத்தில் முன்பணம் கட்டியாகிவிட்டது. அதுவும் கைகூடாவிட்டால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கிவிடலாம் என்று பெரியப்பாவும் தாய்மாமனும் பேசி முடித்திருக்கிறார்கள். மகள் மட்டும் ‘நியூட்ரிஷன், ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மெண்ட்’ (ஊட்டச்சத்து, உணவுச் சேவை நிர்வாகம்) படிக்கிறேன் என்கிறாள். “கரண்டி பிடிக்கவா சயின்ஸ் குரூப் எடுத்தாய்?” என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் “எல்லாம் நல்லபடி நடக்கும்” என்று சொல்லி அனுப்பினால் உங்களுக்கு எந்த உதவியும் செய்தவள் ஆகமாட்டேன். பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். நாலரை ஆண்டுப் படிப்பு, விடுதிச் செலவு, அத்தனை காலமும் ஏறிக்கொண்டே போகும் வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். படித்து முடித்த கையோடு அடைகிற கடன் இல்லை இது; அதற்குப் பிறகு மேற்படிப்புக்கு இன்னொரு நீட் காத்திருக்கிறது. ஆலோசனை சொல்கிற மாமா அந்தத் தவணையில் ஒன்றைக்கூடக் கட்டப்போவதில்லை. மூன்றாவது ஆண்டு கோச்சிங்கையும் மகளே கேட்டால் மட்டும் யோசியுங்கள். அவள் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் உட்காராமல், எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், வீட்டு மளிகைக் கணக்கையும் அவளே எழுதுகிறாள் என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். இந்தத் துறைக்கு வேண்டிய புத்தி அது. கல்லூரியில் சேர்ந்து மூன்று ஆண்டு ஆன பிறகும் பலருக்கு வராத பழக்கம் அவளிடம் தானாக வந்திருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓட்டல் மேனேஜ்மெண்ட் எல்லோருக்கும் தெரிந்த வழி, அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் கேட்பது மருத்துவமனை, கல்லூரி விடுதி, தொழிற்சாலை கேன்டீன், ஐ.டி. வளாகம் போன்ற இடங்களில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு உணவு கொடுக்கும் நிர்வாகம். ஓட்டலில் சாப்பாடு பிடிக்கவில்லையென்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே தட்டில் வருவது சிகிச்சையின் ஒரு பகுதி, அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும்.

அந்தப் பொறுப்பாளர் சமைப்பதில்லை. பிரெஞ்சு நிர்வாக அறிஞர் ஹென்றி ஃபயோல் 1916இல் நிர்வாகத்தின் வேலைகளைத் திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று ஐந்தாக எழுதினார். பாடப்புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். அவையே சமையற்கூடத்தில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

200 படுக்கை மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுக் கணக்கில் 160 நோயாளிகள். மதியத்துக்கு 160 தட்டு போட்டால் தவறு. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவர்கள் 8 பேர், மூக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு பெறுபவர்கள் 14 பேர், பதினோரு மணிக்குள் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் 22 பேர். இவர்களைக் கழித்து, காலையில் புதிதாகச் சேர்ந்த 15 பேரைக் கூட்டினால் 131. கணக்குப் பார்க்காதவர் 29 தட்டைக் குப்பையில் கொட்டுவார். அந்த 131க்குள்ளும் சாதாரண உணவு, குழைந்த உணவு, சர்க்கரை நோயாளிக்கானது, உப்பு குறைத்தது, சிறுநீரக நோயாளிக்கானது என்று பிரிவுகள் உண்டு. சிறுநீரக நோயாளியின் காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். பொட்டாசியம் குறைவது அப்படித்தான். சமையற்கூடம் இதைச் சரியாகச் செய்து அனுப்பியிருக்கும், வார்டில் உறவினர் அன்போடு இளநீர் கொடுத்துவிடுவார், உழைப்பெல்லாம் வீண். அதனால் வார்டு நர்ஸோடு பேசி வைப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

விடுதி மெஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. ஏழு நாள் மெனுவைத் திரும்பத் திரும்பப் போட்டால், செவ்வாய் என்றால் ரவா உப்புமா என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். அன்று பாதிப் பேர் வெளியே போவார்கள், உப்புமா அப்படியே மிஞ்சும். நோயாளி நான்கைந்து நாளில் வீடு திரும்பிவிடுவார், அவருக்கு ஏழு நாள் சுழற்சி போதும். ஆண்டு முழுக்க இருக்கும் மாணவருக்கு எட்டு அல்லது பத்து நாள் சுழற்சி வைத்தால் கிழமை தானாக நகரும். அதற்கு மேல் நம் ஊர் நாட்காட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளி, அமாவாசை, புரட்டாசி மாதத்தில் அசைவத்தின் எண்ணிக்கை விழும். போன ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டாமல் கோழிக்கு ஆர்டர் கொடுத்தால் ஃப்ரீசரில்தான் கிடக்கும்.

கொள்முதலுக்கு வருவோம். 300 பேருக்குத் தலைக்கு 80 கிராம் முட்டைக்கோஸ் என்றால் 24 கிலோ. 24 கிலோ வாங்கினால் 240 பேரோடு தீர்ந்துவிடும். மேலிலையும் தண்டும் போக நூற்றுக்கு 80தான் மிஞ்சும், ஆகவே 24ஐ 0.8ஆல் வகுத்து 30 கிலோ வாங்க வேண்டும். வேரோடு வரும் கீரையில் கழிவு இன்னும் கூடுதல். ஒவ்வொரு காய்க்கும் இந்தக் கணக்கைத் தன் சமையற்கூடத்திலேயே எடை போட்டு எழுதி வைப்பவர்தான் நல்ல நிர்வாகி. காய் இறங்கும்போது கூடையின் எடையைக் கழிக்கிறார்களா என்று அதிகாலையில் நின்று பார்ப்பவரும் அவரே.

செலவுக் கட்டுப்பாட்டை உங்கள் மகள் மிகவும் விரும்புவாள் என்று நினைக்கிறேன். மாதத் தொடக்கத்தில் ஸ்டோரில் 1,80,000 ரூபாய்ச் சரக்கு, மாதத்தில் வாங்கியது 6,40,000, முடிவில் இருப்பு 1,60,000. செலவானது 6,60,000. பரிமாறியது 22,000 சாப்பாடு என்றால் சாப்பாட்டுக்கு 30 ரூபாய். அடுத்த மாதம் அது 33 ஆனால் எங்கே போனது? விலை ஏறியதா, கரண்டி மாறியதா, ஸ்டோரிலிருந்து இண்டென்ட் (எழுத்துக் கோரிக்கைச் சீட்டு) இல்லாமல் சரக்கு போகிறதா, எண்ணெய் டின் கணக்கில் வராமல் திறக்கப்பட்டதா? ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும். தட்டுக்கு 20 கிராம் சோறு கூடினால் யாருக்கும் தெரியாது. நாளுக்கு 600 தட்டு என்றால் அது 12 கிலோ சோறு, கிட்டத்தட்ட 4.4 கிலோ அரிசி. கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 6,600 ரூபாய். அளவுக் கரண்டி ஒன்றை மாற்றினால் நிற்கிற கசிவு இது.

ஆள் விஷயத்தில்தான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். பத்து இடத்துக்குப் பத்து ஆள் என்று போட்டுவிடுவார்கள். 365 நாளில் வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 15, பண்டிகை 9 என்று வைத்தால் ஒருவர் வருவது 277 நாள். எனவே பத்து இடத்துக்குக் குறைந்தது பதின்மூன்று பேர் வேண்டும். இல்லாவிட்டால் பொங்கலுக்கு மேற்பார்வையாளரே பாத்திரம் கழுவ நேரும். தலைமைச் சமையல்காரரான மாஸ்டரின் விஷயம் இன்னும் நுட்பம். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் இருபத்திரண்டு வயதுப் பெண் அளவுப் பட்டியலை நீட்டினால் அவர் வாங்கமாட்டார். மூன்று நாள் தராசோடு பக்கத்தில் நின்று, அவர் கை போடும் உப்பையும் புளியையும் எடை போட்டு, அதையே எழுதி, “மாஸ்டர், இது உங்க அளவு, நீங்க லீவு போட்டாலும் சாம்பார் இப்படியே வரணும்” என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மதியம் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மூடி வைத்து இரவுக்குச் சூடாக்குவது பல இடங்களில் நடக்கிறது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அங்கே அது பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குள். எடுத்து வைக்க வேண்டியதை இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரப்பி உடனே குளிர்விக்க வேண்டும். வெப்பப் பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் 65 என்று எழுதியிருந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து, கோபித்துக்கொள்பவர்கள் நடுவிலும் நிறுத்துகிறவளாக உங்கள் மகள் இருக்க வேண்டும்.

இதற்கு மதிப்பு உண்டா என்று பெரியப்பா கேட்பார். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியன் (உணவியல் நிபுணர்) இருக்கிறார்; அதற்குள் ‘உணவுச் சேவை டயட்டீஷியன்’ என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு கேன்டீனைக் கட்டாயமாக்கியது, 2020 தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் கேன்டீன் நடத்தும் சோடெக்ஸோ, காம்பஸ் போன்ற ஒப்பந்த நிறுவனங்களுக்கும், பெரிய மருத்துவமனைகளின் உணவுப் பிரிவுகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. தொடக்கச் சம்பளம் சிறியது. காலை ஆறு மணி ஷிஃப்ட் உண்டு, ஞாயிறும் தீபாவளியும் வேலை நாள்தான், அடுப்புச் சூட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அதிகாலை ஷிஃப்டுக்கு வண்டி அனுப்பாத நிறுவனத்தில் சேர வேண்டாம். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருப்பதால் பேசும் அளவுக்கு இந்தி தெரிந்தால் வேலை சுலபமாகும். எக்ஸெல் கட்டாயம்.

படிப்புக்குக் கோவை அவினாசிலிங்கம் மகளிர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சில இணைப்புக் கல்லூரிகளிலும் இந்தப் பாடத்தில் பி.எஸ்ஸி. இருக்கிறது. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மொத்தச் சமையலுக்குத் தனிக் கூடம் இருக்கிறதா, மாணவிகளே ஒரு வாரமாவது கேன்டீன் நடத்திக் கணக்கு ஒப்படைக்கிறார்களா, மருத்துவமனை உணவுப் பிரிவில் எத்தனை நாள் பயிற்சி, கணக்கியல் தாள் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் அங்கே டயட் சார்ட் எழுத மட்டும்தான் கற்றுத் தருவார்கள். தொலைதூரக் கல்வியில் சேர்க்கவே கூடாது. உணவு, ஊட்டச்சத்துப் படிப்புகளை அந்த வழியிலும் ஆன்லைனிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இலேயே தடை போட்டுவிட்டது. நன்கொடை என்று லட்சத்தில் பேசும் கல்லூரியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சொன்னதையே இதற்கும் சொல்கிறேன், எந்தப் பட்டத்துக்காகவும் குடியிருக்கும் வீடு பிணையாகக் கூடாது. பட்டம் முடித்ததும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பயிற்சியை முடிக்கட்டும். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் அந்தப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. மருத்துவமனைப் பக்கம் போக விரும்பினால் மேற்படிப்பும், இந்திய டயட்டெடிக் சங்கத்தின் பதிவுத் தேர்வும் இருக்கின்றன.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். தெரிந்தவர் மூலம் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஒரு மருத்துவமனை அல்லது விடுதிச் சமையற்கூடத்தில் அனுமதி கேட்டு, காலை ஐந்தரைக்கு அவளைக் கொண்டுபோய் விடுங்கள். ஒரு நாள் ஸ்டோரில், ஒரு நாள் பரிமாறும் இடத்தில், ஒரு நாள் தட்டு கழுவும் இடத்தில் நிற்கட்டும். மூன்றாம் நாள் மிச்சம் விழும் தொட்டியில் எந்தப் பண்டம் அதிகம் கிடக்கிறது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள். எழுத அவளுக்கு விருப்பமில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவளோடு நேரில் பேசி வேறு வழி பார்க்கிறேன். அந்தப் பேச்சுக்கு மாமாவும் பெரியப்பாவும் வர வேண்டாம்.