பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதிய கணினியில் இணைப்பது எப்படி?

கேள்வி: 1990-களின் இறுதியில் வாங்கிய மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்க்கும், ஏறக்குறைய அதே காலத்து மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க்கும் என்னிடம் உள்ளன. இப்போதைய மடிக்கணினியில் யுஎஸ்பி போர்ட் மட்டுமே இருக்கிறது. அவற்றிலுள்ள கோப்புகளை எடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் பிற்கால முறையான சாட்டா (SATA) 2003-க்குப் பிறகே பரவியது என்பதால், இவை இரண்டும் அநேகமாக அதற்கு முந்தைய ஐடிஇ (IDE) முறை டிஸ்க்குகளாகவே இருக்கும். இரு அளவு ஐடிஇ டிஸ்க்குகளுக்கும் பொருந்தும் யுஎஸ்பி அடாப்டர்கள் கிடைக்கின்றன. போர்ட் பொருந்தாததைவிட மின்சாரமே இங்கு முக்கியமான சிக்கல்.

மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்கில் தரவுக்கு 40 பின்களும் (ஊசி போன்ற உலோக முனைகள்), மின்சாரத்துக்குத் தனியாக 4 பின் மோலெக்ஸ் இணைப்பும் இருக்கும். அதன் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும்; சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான். ஆகவே தனி மின் இணைப்புடன் வரும் அடாப்டரையே வாங்குங்கள். ஜம்பரை (இரு பின்களை இணைத்து டிஸ்க்கின் நிலையை அமைக்கும் சிறு மூடி) 'மாஸ்டர்', அதாவது முதன்மை டிஸ்க், நிலையில் வையுங்கள்; டிஸ்க்கின் லேபிளில் தனித்து இயங்குவதற்கென்று வேறு நிலை காட்டப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். அந்த மின்சாரமும் தரவு செல்லும் 44 பின்களின் வழியாகவே செல்கிறது. அந்த வரிசையை அடுத்துச் சிறு இடைவெளி விட்டு நிற்கும் 4 பின்கள் ஜம்பருக்கானவை. கனெக்டரை அவற்றின் மேல் தள்ளிச் செருகிவிட்டால் மின்சாரம் தவறான பின்னில் பாய்ந்து டிஸ்க் கெட்டுப்போகலாம் என்பதால், வரிசையின் நடுவே ஒரு பின் இல்லாத இடத்தைக் கனெக்டரில் அடைபட்டிருக்கும் துளையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள்.

இணைத்ததும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை (கோப்பு முறைமை) கணினிக்குப் புரியவில்லை என்பதே அதன் பொருள். இவ்வளவு வயதான டிஸ்க் அடுத்த முறையும் சுழலும் என்று நம்பிவிடக் கூடாது. கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல், லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் முதலில் நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் தேடுங்கள். டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு நிபுணரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: 50 பின் கொண்ட ஸ்கஸி (SCSI என்ற வேறொரு இணைப்பு முறை) டிஸ்க்குக்கும் இதே அடாப்டர் போதுமா?

பதில்: போதாது. யுஎஸ்பி-ஸ்கஸி அடாப்டர்கள் அரிதானவை. கூடுதல் கார்டுகளைச் செருகும் பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய கணினியில் ஸ்கஸி கார்டு பொருத்தி, கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் முடிப்பு) இருப்பதை உறுதிசெய்து, ஒவ்வொரு ஸ்கஸி சாதனத்துக்கும் தரப்படும் அடையாள எண்களில் வழக்கமாகக் கார்டுக்கே உரிய 7 அல்லாத வேறு எண்ணை டிஸ்க்குக்கு அமைத்துப் படிப்பதே நம்பகமான வழி.