எக்டோபிளாசம்: அகராதிப் பொருள் இங்கே ஒத்துவராது

நீங்கள் மொழிபெயர்க்கும் 1930களின் லண்டன் கதையில் மீடியத்தின், அதாவது ஆவிகளோடு பேசுவதாகச் சொல்பவரின், வாயிலிருந்து எக்டோபிளாசம் வழிகிறது, அகராதியோ ‘செல்லின் புறக்கூழ்’ என்கிறது, எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். புறக்கூழ் வேண்டாம். அது அமீபாவின் விளிம்பில் கண்ணாடிபோலத் தெரியும் சற்றுக் கெட்டியான ஓரம். துகள்கள் ஓடுவதெல்லாம் அதற்கு உள்ளே.

கதையில் வருவது, ஆவி உருவெடுக்க மீடியத்தின் உடலிலிருந்து கிளம்புவதாகச் சொன்ன வெண்பொருள். இந்தப் பொருளில் சொல்லைப் பரப்பியவர் சார்ல் ரிஷே. 1913-இல் நோபல் வாங்கிய உடலியல் அறிஞர் என்பதுதான் வேடிக்கை! 1931-இல் ஹெலன் டங்கன் என்ற மீடியத்தைச் சோதித்த ஆவி ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ், டங்கன் சல்லாத்துணியை விழுங்கிக் கக்குகிறார் என்றார். அந்தச் சோதனையின் படங்களில் துணி மடிப்பே தெரியும்.

‘எக்டோபிளாசம்’ என்றே விடுங்கள். முதல் இடத்தில் மட்டும் ‘ஆவி உருவெடுக்கும் வெண்படலம்’ என்று ஒட்டினால் போதும்.