டார்பிடோ எந்தக் கோணத்தில்? சைலண்ட் ஹண்டர் கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கிக் கணினி விளையாட்டான சைலண்ட் ஹண்டர் 3, 4 இரண்டிலும், டார்பிடோவை (நீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) தானாகக் குறிவைக்கும் வசதியை அணைத்துவிட்டு, கையால் கணக்குப் போட்டு அடிக்கத் தொடங்கியவர்கள் கேட்டவை இவை. கிட்டத்தட்ட எல்லாக் கேள்வியும் கோணத்தில்தான் வந்து முட்டுகிறது.

கேள்வி: அண்ணா, பேரிங், ஏஓபி, ஜைரோ கோணம் மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. வித்தியாசம் என்ன?

தம்பி, எங்கிருந்து அளக்கிறோம் என்று பாருங்கள், பிரிந்துவிடும். உங்கள் நீர்மூழ்கியின் மூக்கிலிருந்து அந்தக் கப்பல் எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பது பேரிங். அந்தக் கப்பலின் மூக்கிலிருந்து நீங்கள் எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறீர்கள் என்பது ஏஓபி. கப்பல் உங்களை நோக்கி நேராக வந்தால் ஏஓபி 0, விலா முழுதும் தெரிந்தால் 90, முதுகைக் காட்டிப் போனால் 180. அதன் இடவிலா தெரிந்தால் டயலில் சிவப்புப் பக்கம், வலவிலா தெரிந்தால் பச்சை. ஜைரோ கோணம் என்பது குழாயை விட்டு வெளியே வந்த டார்பிடோ எவ்வளவு திரும்பவேண்டும் என்பது. முதல் இரண்டும் நீங்கள் கொடுப்பவை, மூன்றாவது டிடிசி, அதாவது படகிலுள்ள டார்பிடோ கணக்குக் கருவி, கணக்கிட்டுத் தருவது.

கேள்வி: புதிதாக ஆடுபவனுக்கு எந்தக் கோணம் சுலபம்?

சந்தேகமே வேண்டாம், 90. கப்பலின் பாதைக்குக் குறுக்கே, செங்குத்தாக மூக்கை வைத்துக் காத்திருங்கள். பாதை தெரியவேண்டுமே என்றால், சில நிமிட இடைவெளியில் வரைபடத்தில் இரண்டு முறை இடத்தைக் குறித்துக் கோடு இழுத்தால் போதும்.

ஒரு உதாரணம். கப்பலின் வேகம் 7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு), கையில் இருப்பது 30 நாட் மின்சார டார்பிடோ. 7ஐ 30ஆல் வகுத்து அதன் டான் தலைகீழ் எடுத்தால் 13 டிகிரி. இதுதான் முன்கூட்டிக் குறிவைக்கும் கோணம். கப்பல் வலமிருந்து இடமாக வருகிறது என்றால் பெரிஸ்கோப்பை 13இல் நிறுத்துங்கள். டிடிசியில் வேகம் 7, ஏஓபி இடப்பக்கம் 77 (90இல் 13 போக மீதி). ஜைரோ கோணம் கிட்டத்தட்ட 0 என்று காட்டும். இடமிருந்து வந்தால் பெரிஸ்கோப் 347, ஏஓபி வலப்பக்கம் 77. குழாய்க் கதவை முன்பே திறந்து வையுங்கள். மூடியிருக்கும்போது சுடு பொத்தானை அழுத்தினால், கதவு திறக்கிற சில விநாடிகளில் கப்பல் நகர்ந்துவிடும். அப்புறம் பெரிஸ்கோப்பை அசைக்கவே கூடாது. கப்பல் தானாக வந்து பெரிஸ்கோப்பின் நடுவிலுள்ள செங்குத்துக் கோட்டைத் தொடட்டும், நடுப்பகுதி தொடும்போது விடுங்கள்.

இதன் பெரிய லாபம், தூரம் தேவையே இல்லை. டார்பிடோ திரும்பாமல் நேராகப் போவதால் 600 மீட்டரோ 1500 மீட்டரோ அதே 13 டிகிரிதான். கூட்டமாகப் போகும் கான்வாயில் இது அமிர்தம். எல்லாக் கப்பலும் ஒரே திசை, ஒரே வேகம். கோட்டை ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க ஆளுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கலாம், டயலைத் தொடவேண்டியதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. ஏஓபியைக் கண்ணால் மதிப்பிடும்போது 10 டிகிரி பிசகுவது சாதாரணம். 10 நாட் கப்பல், 30 நாட் டார்பிடோ, 1000 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 என்பதை 80 என்று நினைத்தால் குறி சுமார் 5 மீட்டர்தான் விலகும். அதே 10 டிகிரிப் பிழை 30க்குப் பதில் 20 என்று வந்தால் விலகல் 50 மீட்டரைத் தாண்டும். அதனால் நான் டயலைத் திருத்துவதைவிடப் படகை நகர்த்தி நல்ல இடத்தில் போடுவதற்குத்தான் நேரம் செலவழிப்பேன்.

கேள்வி: நல்ல இடத்துக்குப் போக நேரமில்லை, 45 டிகிரியில்தான் சிக்குகிறது. விட்டுவிடவா?

விடவேண்டாம். கப்பல் வேகத்தை டார்பிடோ வேகத்தால் வகுத்து, ஏஓபியின் சைனால் பெருக்கினால் முன்குறிக் கோணத்தின் சைன் கிடைக்கும். 8 நாட், 30 நாட், 45 டிகிரி என்றால் விடை ஏறக்குறைய 11. சுடும்போதுள்ள ஏஓபியோடு இந்த முன்குறிக் கோணத்தைக் கூட்டினால், டார்பிடோ கப்பலில் மோதும் கோணம் வந்துவிடும். இங்கே 45ம் 11ம் சேர்த்து 56. நல்ல அடிதான்.

கேள்வி: ஏஓபி, தூரம் எல்லாம் சரி, ஆனாலும் பின்னால் போய்விடுகிறது சார்.

வேகத்தைக் குறைத்துப் போட்டிருப்பீர்கள். 30 நாட் டார்பிடோ 1000 மீட்டர் போக 65 விநாடி எடுக்கும். அதற்குள் 1 நாட் பிழை 33 மீட்டராக வளர்ந்துவிடும். படகை நிறுத்திவிட்டுப் பெரிஸ்கோப்பை அசைக்காமல் பிடித்து, கப்பலின் மூக்கு கோட்டைத் தொட்டதிலிருந்து வால் கடக்கும்வரை ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். நீளத்தை விநாடியால் வகுத்து 1.94ஆல் பெருக்கினால் நாட். லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல் சுமார் 134 மீட்டர், கடக்க 33 விநாடி ஆனால் 8 நாட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

கேள்வி: ஜைரோ கோணம் 60, 70 வைத்து அடிக்கலாமா?

இயந்திரம் திருப்பும். ஆனால் டார்பிடோ வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் நேராக ஓடி, பிறகுதான் வளைந்து தன் பாதையைப் பிடிக்கும். அந்த வளைவைச் சரிக்கட்ட டிடிசிக்குத் துல்லியமான தூரம் வேண்டும். பாய்மர உயரத்தை வைத்து எடுத்த தூரம் பிசகினால் அங்கேயே முடிந்தது கதை. 20க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ப்ரோ, 'டங்' என்று சத்தம் மட்டும் கேட்கிறது, வெடிக்கவே இல்லை. கோணம்தான் காரணமா?

எந்தப் பக்கம் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்மன் படகு என்றால் மிகச் சாய்வாக, கப்பலின் விலாவை உரசியபடி மோதினால் மோதல் வெடிகருவி வேலை செய்யாமல் வழுக்கிவிடும். செங்குத்தாக வைத்தால் சரியாகிவிடும்.

சைலண்ட் ஹண்டர் 4இல் போரின் ஆரம்ப வருடங்களில் ஆடினால் கதை நேர் எதிர். அமெரிக்க மார்க் 14 டார்பிடோவில் செங்குத்தாக மோதும்போதுதான் வெடிமுள் அழுத்தம் தாங்காமல் சிக்கிக்கொள்ளும், சாய்வாகப் பட்டால் வெடிக்கும். 1943 ஜூலையில் டினோசா நீர்மூழ்கியின் தலைவர் டாஸ்பிட், நின்றுபோன டோனான் மாரு 3 என்ற பெரிய எண்ணெய்க் கப்பலின் விலாவில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுப் பார்த்தார். எதுவும் வெடிக்கவில்லை. கடைசி டார்பிடோவைச் சுடாமல் பரிசோதனைக்கென்று பத்திரமாகக் கொண்டுவந்தார். பிறகு பேர்ல் ஹார்பரில் கிரேனில் 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தபோது, செங்குத்தாக விழுந்த 10இல் 7 பொய்த்தன. இரண்டு வருடம் நீர்மூழ்கித் தலைவர்கள் கத்தியும் கேட்காத மேலிடம் அப்போதுதான் நம்பியது. ஆகவே 1942இல் ஆடும்போது 'டட்' (வெடிக்காமல் பொய்க்கும் டார்பிடோ) அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், 90ஐ மறந்து 45 முதல் 60க்குள் மோதும்படி இடம் பிடியுங்கள்.

கேள்வி: டெஸ்ட்ராயர் நேராக என்மேலேயே வருகிறது. சுடலாமா, ஓடலாமா?

ஏஓபி 0 என்றால் முன்குறிக் கோணமும் 0. வேகம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இலக்கின் அகலம் 10 மீட்டர் சொச்சம்தான், அது கொஞ்சம் சுக்கான் திருப்பினாலும் தப்பிவிடும். டார்பிடோ சுமார் 300 மீட்டர் ஓடிய பிறகுதான் உயிர் பெறும், அதாவது வெடிக்கத் தயாராகும் என்பதையும் மறக்காதீர்கள். 25 நாட்டில் வரும் டெஸ்ட்ராயர்மேல் 44 நாட் டார்பிடோவை 500 மீட்டரில் விட்டால், சந்திக்கும்போது அது ஓடியிருப்பது 320 மீட்டர், மயிரிழைதான். 30 நாட் டார்பிடோ என்றால் 600க்குக் குறைந்து விடவே விடாதீர்கள். 1944 ஜூனில் ஹார்டர் நீர்மூழ்கியின் டீலி இப்படி நேருக்கு நேர் அடித்துப் பேர் வாங்கினார். அவர் நெஞ்சுரம் வேறு. எனக்கு எதிரே வந்தால் நான் ஆழத்துக்குத்தான் போவேன்.

கேள்வி: ஒரே கப்பலுக்குப் பல டார்பிடோ சேர்த்து விடும் சால்வோவுக்கு எத்தனை டிகிரி விரிப்பு?

1000 மீட்டரில் 2 டிகிரி என்பது 35 மீட்டர். 130 மீட்டர் கப்பலுக்கு அது போதும். நான் விரிப்பே வைப்பதில்லை. முன்மரம் கோட்டைத் தொடும்போது ஒன்று, பின்மரம் தொடும்போது இன்னொன்று.

கேள்வி: பின்குழாய்க்கும் இதே கணக்கா?

அதேதான். 0க்குப் பதில் 180இலிருந்து எண்ணுங்கள். அதாவது 13 டிகிரி என்பது 167 அல்லது 193. கப்பல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்.