5 லிட்டர் பீருக்கு 23 லிட்டர் வாளி எதற்கு?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் சின்ன ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டிலேயே பீர் செய்து பார்க்க ஆசை. கடையில் கேட்டால் 23 லிட்டர் வாளி, பெரிய கொதிகலன், ஆற வைக்கச் செம்புச் சுருள் குழாய் என்று 200 பவுண்டுக்கு மேல் பட்டியல் நீள்கிறது. இருக்கிற பாத்திரத்தில் 5 லிட்டர் மட்டும் செய்ய முடியாதா? ஊரில் அம்மா, “அது விஷமாகிவிடும்” என்று பயப்படுகிறார்.

பதில்: தாராளமாக முடியும். முதல் தடவை செய்பவர்கள் சிறிய அளவில்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசலை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது ஆபத்தான அளவில் அது உருவாகாது. ஆனால் பீரைக் காய்ச்சி வடிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். உரிமம் இல்லாமல் வடிப்பது பிரிட்டனில் குற்றம்.

அந்த 23 லிட்டர் பழைய 5 காலன் கணக்கு, அதாவது 40 பைன்ட். கிட் டப்பாக்களை, அதாவது தயார் மால்ட் பாகு டப்பாக்களை, கம்பெனிக்காரர்கள் அந்த அளவுக்கே அடைக்கிறார்கள். அதனால் வாளியும் அந்த அளவு, செய்முறைக் குறிப்பும் அந்த அளவு. பாதியாகச் செய்வது எப்படி என்று ஒரு வரி அச்சிட இத்தனை வருஷமாகியும் இவர்களுக்கு மனம் வரவில்லை. மலிவான டப்பாவில் இன்னொரு வலையும் உண்டு: “ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும்” என்றிருக்கும். சேர்த்தால் போதை ஏறும், பீர் தண்ணீராக இருக்கும். பிறந்தநாள் பரிசாக விற்கும் அழகுப் பெட்டிகளும் வேண்டாம். அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தனவோ, உள்ளே இருக்கும் ஈஸ்ட்டையும் ஹாப்ஸையும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) நம்ப முடியாது.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். ஸ்ப்ரே மால்ட் எனப்படும் மால்ட் பவுடர் 500 கிராம், ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ (East Kent Goldings) என்ற வகை ஹாப்ஸ் 20 கிராம், ஏல் (ale) வகை பீருக்கான ஈஸ்ட் ஒரு பாக்கெட், ஏர்லாக் (உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய 10 லிட்டர் மூடி வாளி, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கி, தெர்மாமீட்டர், கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஹாப்ஸை வெளிச்சம் படும்படி, உள்ளே தெரியும் பையில் போட்டு வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். காற்றில்லாமல் அடைத்து, குளிர்ச்சியில் வைத்ததுதான் நல்லது.

6 லிட்டர் பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மால்ட்டைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மறுபடி கொதிக்கும்போது பால் மாதிரி பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்கி அடங்கியதும் 10 கிராம் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். மீதி 10 கிராம், இறக்க 5 நிமிடம் இருக்கும்போது. அப்புறம் பாத்திரத்தை மூடி, சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் வைத்தால் சீக்கிரமே ஆறிவிடும். செம்புச் சுருள் வேண்டியதில்லை. வாளியில் வடிகட்டி ஊற்றி, மொத்தம் நாலரை லிட்டர் வரும்வரை குளிர்ந்த பாட்டில் தண்ணீர் சேருங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பீருக்கு மருந்து வாடை கொடுத்துவிடும். சூடு 20 டிகிரிக்கு வந்ததும் ஈஸ்ட் பாக்கெட்டில் பாதியைத் தூவி மூடிவிடுங்கள். 18 முதல் 20 டிகிரியில், வெயில் படாத மூலையில், இரண்டு வாரம் இருக்கட்டும். ஏறக்குறைய 4 சதவீத ஆல்கஹாலுடன் இங்கிலீஷ் பிட்டர் எனப்படும் லேசான கசப்பு வகை பீர் கிடைக்கும்.

அடுப்பிலிருந்து இறக்கியபின் பீரைத் தொடும் வடிகட்டி, கரண்டி, வாளி, குழாய் எல்லாமே முதலில் சோப்பில் கழுவி, பிறகு கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். சோப்பு மட்டும் போதாது. பீர் புளித்துப்போனதாக வரும் புகார்களில் பெரும்பாலானவை இதில்தான் போய் முடிகின்றன.

உண்மையான ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. நொதித்து முடியாத பீரை அடைத்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும். ஏர்லாக்கில் குமிழி நின்றதை நம்பாதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே அளவைக் காட்ட வேண்டும், அதுதான் சான்று. “ஏழே நாளில் ரெடி” என்று டப்பாவில் அச்சடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. பிறகு 500 மி.லி. பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். ஒயின் பாட்டில், அலங்கார பாட்டில் எதுவும் கூடாது. சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் தொடக்கத்துக்குப் பாதுகாப்பு: விரலால் அமுக்கிப் பார்த்தால் அழுத்தம் ஏறுவது தெரிந்துவிடும். இரண்டு வாரம் அறைச் சூட்டில் வைத்து, பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிரிட்டனில் 1963-லிருந்து வீட்டு உபயோகத்துக்குப் பீர் செய்ய உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. இந்தச் சலுகை ஒரு பைசா கைமாறும்வரைதான். வீட்டுக்கு வரும் நண்பருக்கு ஊற்றிக் கொடுக்கலாம். அவர் “மால்ட் செலவுக்கு வைத்துக்கொள்” என்று 2 பவுண்டு நீட்டினால் வாங்காதீர்கள். பார்ட்டிக்கு டிக்கெட் போட்டுப் பீர் இலவசம் என்று சொல்வதும், சங்க விழாவில் ‘நன்கொடை’ உண்டியல் வைத்து ஊற்றுவதும் விற்பனைக் கணக்கில்தான் போய் நிற்கும். பீர் தயாரிப்பாளராக ஒப்புதல், வரி, விற்பனை உரிமம் எல்லாம் வரிசையாக வரும். “நீ செய்து கொடு, நான் விற்றுத் தருகிறேன்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாட்டும்போது அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்தச் சாமான்களைப் பெட்டியில் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசே கடை போட்டு மது விற்கலாம், ஆனால் உங்கள் வீட்டில் நாலு லிட்டர் பீர் செய்தால் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.